உதிரி உறுப்பு வாணிகமும் செயற்கை நுண்ணறிவும்

விருதுநகர் வாணிகத்தாற் பெயர்பெற்ற ஊர் என்பதை யாவரும் அறிவர். குமரிமுனை வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கின்றது. தீபாவளிக்கு முன்னர்ச் சிவகாசிப் பட்டாசு ஏற்றிய லாரிகள் வெளியூர்களுக்கு விரைகின்றன. அவற்றுள் ஒன்று கிளச்சுத் தட்டுத் தேய்ந்து நின்றுவிடின், திருநாள் அதன்பொருட்டுக் காத்திராது. அக்காலை உதவுவது மோட்டார் உதிரி உறுப்புக் கடையே. செயற்கை நுண்ணறிவு வளர்ந்துவரும் இந்நாளில் அக்கடை நிலைபெறுமோ என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

எவ்வண்டிக்கு எவ்வுறுப்புப் பொருந்தும் என்னும் நினைவாற்றலே கடைக்காரரின் பெருமுதலாக இருந்தது. ஆனால், பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி 2017 ஏப்ரலிலும், பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரலிலும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அதனால் ஒரே பெயருடைய லாரிக்கும் ஆண்டிற்கேற்ப உறுப்புகள் பல வேறுபட்டன. வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொண்டு உரிய உறுப்பின் எண்ணைக் கணினி நொடியிற் கூறுகின்றது. படம் பார்த்தும் உறுப்பை இனங்காண முயல்கின்றது. ஆகவே நினைவாற்றல் ஒன்றையே நம்பிய கடை தளரும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எண்ணை அறிதல் வேறு. பழுதை அறிதல் வேறு. மெக்கானிக் கொணர்ந்த பேரிங்கு ஒருபுறமே தேய்ந்திருப்பின், "புதியதை மாட்டுமுன் தண்டு நேராயிருக்கிறதா என்று பாரும்" என்பார் பழகிய கடைக்காரர். போலிச் சரக்கை விலக்குவதும், கடனுக்குத் தருவதும், பொருந்தாததை மாற்றிக் கொடுப்பதும் அவர்தம் பொறுப்பு. கணினி விடை கூறும். விடை தவறின் நட்டத்தை ஏற்காது.

இதற்குச் சிவகாசி அச்சுத்தொழிலே சான்று. தீப்பெட்டி மேலொட்டும் படங்களை அச்சிட வளர்ந்த அத்தொழில், ஆப்செட்டையும் பின்னர்க் கணினியையும் ஏற்று நிலைபெற்றது. ஆயின் எழுத்துக்கோப்போர் வேலை மறைந்தது. கடை பிழைத்தால் மட்டும் போதாது. அங்குப் பணிபுரியும் இளைஞரும் பிழைத்தல் வேண்டும். ஆதலின் எண்களை மனப்பாடஞ் செய்வித்த முதலாளிகள், இனிப் பழுதாராயும் திறனை அவர்க்குக் கற்பித்தல் வேண்டும். கணக்கையும் எண்ணையும் கணினி பார்க்கட்டும். தேய்ந்த உறுப்பைக் கையிலெடுத்துக் காரணம் கூறும் ஆளுள்ள கடையை வாடிக்கையாளர் கைவிடார்.