இரு மொழி வகுப்பறை – 6: முற்பகல் ஸ்பானியம், பிற்பகல் ஆங்கிலம்

1959இல் கியூபாவில் ஃபிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பிறகு, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அமெரிக்காவின் மயாமி நகரில் வந்து இறங்கின. பெற்றோர் இல்லாமல் தனியாக விமானமேறி வந்த சிறுவர்கள் மட்டுமே 14,000 பேருக்கு மேல். இந்தப் பிள்ளைகளுக்கு ஸ்பானியம் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அன்றைய அமெரிக்கப் பள்ளிகளிலோ எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். புரியாத பிள்ளை புரியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மயாமியின் கோரல் வே தொடக்கப்பள்ளி வேறு வழியில் போனது. 1963 செப்டம்பரில், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு, முதல் மூன்று வகுப்புகளை இருமொழி வகுப்புகளாக மாற்றியது. முற்பகலில் கியூபப் பிள்ளைகள் ஸ்பானியத்திலும், ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பாடம் படித்தார்கள். நடுப்பகலில் சாப்பாடு, பாட்டு, ஓவியம், விளையாட்டு எல்லாம் இரு தரப்பும் சேர்ந்து. பிற்பகலில் மொழி மாறும்: காலையில் தாய்மொழியில் படித்ததையே மற்ற மொழியில் மீண்டும் படிப்பார்கள். கியூபாவில் ஆசிரியர்களாக இருந்து அகதிகளாக வந்தவர்களும் இந்த வகுப்புகளில் பணிபுரிந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் அந்தப் பிற்பகலில்தான் இருக்கிறது. பின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அரையைவிடக் கால் ஏன் சிறியது என்று காலையிலேயே ஸ்பானியத்தில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, பிற்பகலில் மீதியிருப்பது அதை ஆங்கிலத்தில் சொல்லப் பழகுவது மட்டுமே. தாய்மொழியின் துணை இல்லாத பிள்ளையோ கணக்கையும் மொழியையும் ஒரே நேரத்தில் பிடித்தாக வேண்டும். பெரும்பாலும் இரண்டுமே நழுவிவிடும்.

இதற்குப் பின்னால் கோட்பாட்டு விளக்கம் தந்தவர்களில் முக்கியமானவர், கனடாவின் டொரண்டோவில் பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ். இரு மொழிகளும் வெளியே தனித்தனியாகத் தெரிந்தாலும், நீருக்கடியில் ஒன்றாக இணைந்திருக்கும் இரு பனிப்பாறை முகடுகளைப் போன்றவை என்றார். வாசிக்கும் திறன், காரணம் கேட்டு யோசிக்கும் பழக்கம், ஒரு கருத்தைச் சுருக்கிச் சொல்லும் ஆற்றல் எல்லாம் அந்த அடிப்பகுதியில் இருக்கின்றன. ஒரு மொழியில் கைவந்தது மற்றதற்கும் உதவும். இன்னொன்றையும் கம்மின்ஸ் எடுத்துக்காட்டினார்: விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடலாம், பாடப்புத்தகத்தின் ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகலாம். சரளமாகப் பேசுகிறானே என்று நம்பித் துணையை விலக்கிவிட்டால், பாடம் கடினமாகும் இடத்தில் பிள்ளை தனித்து நிற்பான்.

உதவுவது பள்ளியின் கடமை என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளில் சுமார் 1,800 பேருக்கு எந்தத் தனி உதவியும் கிடைக்காததால் வந்த வழக்கு, லௌ எதிர் நிக்கல்ஸ். எல்லோருக்கும் ஒரே பாடநூல், ஒரே ஆசிரியர் என்பதாலேயே அது சம வாய்ப்பாகிவிடாது என்று 1974 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. எந்த முறையில் உதவுவது என்பதை மட்டும் நீதிமன்றம் விதிக்கவில்லை. அந்த இடைவெளியில் அரசியல் புகுந்தது. கலிஃபோர்னியா 1998இல் வாக்கெடுப்பு நடத்தி இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கியது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தத் தடையை நீக்கியது. இடையில் கழிந்த பதினெட்டு ஆண்டுகள், ஒரு குழந்தை பிறந்து பள்ளிப்படிப்பை முடிக்கும் காலம்.

இருமொழிப் பள்ளி இல்லாத ஊரிலும் ஆசிரியரால் செய்யக்கூடியது நிறைய. ஒரே மொழி பேசும் பிள்ளைகளை அருகருகே உட்காரவைத்து, பாடத்தை முதலில் தங்கள் மொழியில் விவாதிக்க விடலாம். கட்டுரையின் முதல் வரைவைத் தாய்மொழியில் எழுதச் சொல்லலாம். வீட்டில் தாய்மொழியிலேயே கதை படித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லலாம். அதனால் ஆங்கிலம் கெட்டுவிடாது என்ற உறுதியையும் தரலாம். ஆங்கிலம் தெரியாத பிள்ளை ஒன்றும் தெரியாத பிள்ளை அல்ல. அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

அடுத்த வாரம்: டொரண்டோவின் தமிழ் வகுப்புகள்.

(தொடரும்)