மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு

குழந்தைகளே, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை அம்மாவிடம் கேட்டு வாங்கித் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஒன்று ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அதற்குப் பொருள். ஆன்டிபயாடிக் அட்டைகளிலும் அது உண்டு. 2016ல் மத்திய அரசு இதற்காகப் பிரசாரமே நடத்தியது.

ஆன்டிபயாடிக் பாக்டீரியாக்களைத்தான் ஒடுக்கும். சாதாரண சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. அங்கே இந்த மருந்தின் ஜம்பம் பலிக்காது!

"அண்ணனுக்கு வாங்கியதில் நாலு மிச்சம் இருக்கு, போட்டுக்கோ" என்று பாட்டி நீட்டினால்? அன்பாக மறுத்துவிடுங்கள். அண்ணனின் நோய் வேறு, எடை வேறு. சிலருக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறலும் வரும். அப்படி ஏதேனும் தெரிந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நாமாக நிறுத்துவதும் தவறு. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன வேளை, சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். மருந்து போதாவிட்டால், அதைத் தாங்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகும். ஈ.கோலை என்ற பாக்டீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும்! பிறகு அந்த மருந்துக்கே அவை அடங்காது. 1928ல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945ல் தமது நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார்.

தம்பி, தங்கைக்குப் பவுடர் பாட்டிலாகக் கொடுத்தார்களா? கொதித்து ஆறிய நீரை, பாட்டிலில் உள்ள குறி வரை ஊற்றிக் கலக்க வேண்டும். அது பெரியவர்கள் வேலை. ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்கி, அளவு மூடியில் ஊற்றச் சொல்லுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். கலக்கிய மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் வேலை உங்களுடையது.