கெப்பாலா பத்தாஸுக்கும் ஒரு கடலோரப் பாதை

பினாங்குத் தீவில் கர்னி டிரைவை ஒட்டிக் கடலைத் தூர்த்து அமைத்த கர்னி பே பூங்காவின் முதல் கட்டம் 2024-இல் திறக்கப்பட்டது. காற்று வாங்கிக்கொண்டே நடக்க நல்ல இடம். ஆனால் பெருநிலத்தில் இருக்கும் கெப்பாலா பத்தாஸ்வாசிகள் அங்கே போகக் காரையோ பஸ்ஸையோ நம்ப வேண்டும். தீவுக்குச் செல்லும் இரண்டு பாலங்களிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2021-இல் கார்களை ஏற்றுவதை நிறுத்திய ஃபெர்ரியிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாராளமாக ஏறலாம். படகுத்துறைக்குப் போவதுதான் பாடு. பட்டர்வொர்த் வரை சுமார் 15 கிலோமீட்டர், கூட்டரசுச் சாலையில் லாரிகள் உரசிப் போகும் ஓரத்திலேயே மிதிக்க வேண்டும். நடப்பதற்காகக் காரோட்டிப் போகும் இந்த நிலை மாற, பெருநிலக் கரையிலேயே பாதை வேண்டும்.

அதற்கேற்ற கரை பக்கத்திலேயே இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான கடலோரத்தை முக்கியப் பறவைப் பகுதியாகப் பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் பட்டியலிட்டிருக்கிறது. நீர் வற்றியதும் சேறு வெகுதூரம் தெரியும்; வடக்கே குளிர் தொடங்கியதும் பறந்து வரும் உள்ளான்கள் அதில் அலகைக் குத்திக் குத்திப் புழுவும் நண்டும் தேடும். பாதை வந்தால் பறவைகள் போய்விடும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் இங்கே கடலைத் தூர்க்கவே கூடாது என்கிறேன். அலையாத்தி மரங்களைத் தொடாமல், இருக்கிற ஊர்ச் சாலைகளை ஒட்டி நிலப்பக்கமாகவே பாதை ஓடட்டும். பறவைகள் கூடுமிடத்தில் விளக்கு வேண்டாம். மீனவர்கள் படகு ஏற்றி வலை உலர்த்தும் இடங்களில் பாதைதான் விலகிப் போக வேண்டும். அது அவர்கள் பிழைப்பு. கடலைத் தூர்க்கும் பெருஞ்செலவும் இதில் இல்லை.

இந்த வெயிலில் யார் சைக்கிள் மிதிப்பார்கள் என்று கேட்பார்கள். நம்மைவிட நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமான சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க் சுமார் 15 கிலோமீட்டர் நீளம். அங்கே மர நிழலில் நடப்பவர்களும் இருக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே முதலில் மரம், பிறகு தார். நடைக்கும் சைக்கிளுக்கும் தடம் தனித்தனியாக இருந்தால் முதியவர்களும் பயமின்றி வருவார்கள்.

1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, வரைவு உள்ளூர்த் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். செபராங் பிறை மாநகர் மன்றம் அடுத்த வரைவை வைக்கும்போது, வட்டாரவாசிகள் இந்தக் கோரிக்கையை எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள்.