வாலால் முரசு கொட்டிய நாய்!

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு எது ஞாபகம் வரும்? பால் போல வெளுத்த நம் ஊர் நாய்தானே! 2005-ஆம் ஆண்டில் நம் அஞ்சல் துறை அதற்குத் தபால் தலையே வெளியிட்டது. ஆனால், இன்று நான் சொல்லப்போவது யாரும் சீண்டாத ஒரு தெரு நாயைப் பற்றி.

சார்லி சாப்ளின் இயக்கி நடித்து, 1918-இல் வெளிவந்த நகைச்சுவைப் படம் 'எ டாக்ஸ் லைஃப்'. 'நாய் வாழ்க்கை' என்று அர்த்தம். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். வசனமே கிடையாது!

சார்லிக்கு வீடு இல்லை, வேலியோரத்தில்தான் தூக்கம். வேலை கேட்டுப் போனால், மற்றவர்கள் முந்திக்கொள்கிறார்கள். அவர் முறை வரும்போது வேலை தீர்ந்து போகிறது. வெளியே வந்தால், ஒரு நாயைப் பல நாய்கள் சூழ்ந்துகொண்டு கடிக்கின்றன. சார்லி பாய்ந்து அதைக் காப்பாற்றுகிறார். அதன் பெயர் ஸ்கிராப்ஸ். அன்று முதல் இருவரும் இணைபிரியாத தோழர்கள்.

தெருவோரப் பலகாரக் கடை ஒன்று. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பினால், தட்டில் இருக்கும் பலகாரம் சார்லியின் வாய்க்குள்! இந்தப் பக்கம் திரும்பினால், ஒன்றும் அறியாத அப்பாவி முகம்! கொஞ்ச நேரத்தில் தட்டே காலி. கடைக்காரராக நடித்தவர் யார் தெரியுமா? சாப்ளினின் அண்ணன் சிட்னி!

அடுத்து ஒரு நடன விடுதி. நாய்க்கு அனுமதி இல்லை. ஸ்கிராப்ஸைத் தன் தொளதொள கால்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சார்லி நுழைகிறார். கால்சட்டையின் பின்புறம் ஓர் ஓட்டை. அதன் வழியாக வால் எட்டிப் பார்க்கிறது. வால் சும்மா இருக்குமா? ஆடி ஆடிப் பக்கத்தில் இருந்த முரசைத் தட்டுகிறது!

கோடை விடுமுறையில் மடவார் வளாகத்தில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர்களில் ஒருவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எப்போதும் மற்றவர்கள் சிரித்த பிறகு, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அன்று வால் வெளியே வந்ததும் முதலில் சிரித்தது அவன்தான்! "என்னடா, என்னடா?" என்று எல்லோரும் அவனைக் கேட்டார்கள். அவன் கையை வாலாக ஆட்டிக் காட்டினான். பிறகு வீடே அதிர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திய எனக்கு, அன்று அவன் ஒரு பாடம் நடத்தினான்.

இன்னொரு செய்தி. அந்த நடன விடுதியின் முதலாளியாக நடித்த கிரான்வில் ரெட்மண்டும் சிறு வயதிலேயே செவித்திறனை இழந்தவர். அவர் புகழ்பெற்ற ஓவியர், சாப்ளினின் நண்பர். ஓவியம் வரையத் தன் ஸ்டுடியோவிலேயே அவருக்கு இடம் கொடுத்தார் சாப்ளின். அவரிடமிருந்து சைகை மொழியும் கற்றுக்கொண்டார்.

ஸ்கிராப்ஸ் மண்ணைத் தோண்டி எதை எடுத்தது? சார்லிக்கு வீடு கிடைத்ததா? அதை நீங்களே பாருங்கள். தனியாக அல்ல, நண்பர்களோடு சேர்ந்து பாருங்கள்.

எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் சிரிக்காமல் இருந்தால், அவனுக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். கையை ஆட்டியாவது சொல்லுங்கள். சேர்ந்து சிரித்தால்தானே அது சிரிப்பு!