கஞ்சி மட்டும் ஏன் போதாது?

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போன பாட்டி, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். முறிவோடு முடிவதில்லை; பிறகு படுக்கைப்புண்ணும் வரலாம். எப்படி வருகிறது? அசையாமல் கிடந்தால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, நுண்குழாய்களில் ரத்தம் நின்று, திசு செத்துப்போகிறது. அதைச் சரிசெய்யப் புரதம் வேண்டும்; ஆனால் முறிவின் அதிர்ச்சியில் உடல் தன் புரதத்தையே கரைத்துச் செலவழிக்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் ஊட்டுவது வெறும் கஞ்சி!

இப்படிப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்குக் கிலோ எடைக்குத் தினம் 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ பாட்டிக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். முட்டை ஆகாத வீடென்றால் பருப்பு, தயிர், வேகவைத்து மசித்த கடலை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாட்டோடு நிறுத்தாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். குதிகால் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.