புகைமூட்டத்தில் மூடும் கதவுகள்: ஓரறை வீட்டில் மழலையர் விளையாட்டு

தில்லியில் தீபாவளி முடிந்த கையோடு அந்தக் காத்திருப்பு தொடங்கிவிடுகிறது. காற்றின் தரம் 'கடுமை' என்ற நிலைக்குச் சரிந்துவிட்டதா, மழலையர் வகுப்புகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டுவிட்டதா என்பதே ஒவ்வொரு நாள் காலையிலும் பெற்றோரின் கேள்வி. 2023 நவம்பரில் முதலில் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு குளிர்கால விடுமுறையே முன்கூட்டி அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரிலும் நேரடி வகுப்புகள் சில நாள்கள் நிறுத்தப்பட்டு, பாடங்கள் இணையவழிக்கு மாற்றப்பட்டன.

பெரிய வகுப்பு மாணவர்களுக்கு இணையவழிப் பாடமாவது உண்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு? 'வெளியே விடாதீர்கள்' என்ற அறிவுரைதான் மிச்சம். வீட்டுக்குள் அக்குழந்தை நாள் முழுவதும் என்ன செய்யும் என்பது காற்று மாசு குறித்த வாதப் பிரதிவாதங்களில் அதிகம் பேசப்படாத கேள்வி.

எந்த வீட்டுக்குள் என்பதும் கேட்கப்பட வேண்டியதே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தன. தில்லியின் குடிசைப் பகுதிகளிலும் அங்கீகாரமற்ற காலனிகளிலும் அந்த ஓர் அறையே சமையலறை, படுக்கையறை; பல வீடுகளில் பெண்கள் கூலிக்கு மணி கோக்கும், துணி தைக்கும் தொழிற்கூடமும் அதுதான். எரிவாயு அடுப்பு ஒரு மூலையில், தண்ணீர்க் கேன்கள் இன்னொரு மூலையில். நடுவில் எஞ்சியிருப்பது ஒரு கட்டில் அகலத் தரை.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது ஓடியும் குதித்தும் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். தொலைக்காட்சி, செல்பேசித் திரை முன் அமர்ந்திருப்பது ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் அது கூறுகிறது. புகைமூட்ட நாள்களில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. செல்பேசி கைக்கு வந்துவிட்டால் குழந்தை அசைவதில்லை. அம்மாவின் வேலையும் தடைபடுவதில்லை.

அடுக்களையே ஆடுகளம்

அந்தச் சிறு தரையில் விளையாட எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி, மூன்றடி தள்ளி நின்று வாளிக்குள் எறியலாம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு கிழித்து, கரண்டியில் எலுமிச்சம்பழத்தை ஏந்திக்கொண்டு அதன்மேல் நடக்கச் செய்யலாம். தவளைத் தாவலுக்கும் பூனை நடைக்கும் கட்டில் அகல இடம் போதும். கட்டிலின் மேல் பழைய புடவையைத் தொங்கவிட்டால் அதன் அடியில் ஒரு வீடு உருவாகிவிடும். அந்த வீட்டுக்கு விருந்தாளியாக யார் வருவது என்பதை முடிவு செய்யும் உரிமை குழந்தைக்கே.

கைக்கும் கண்ணுக்குமான வேலை அடுக்களையில் கொட்டிக் கிடக்கிறது. எந்த மூடி எந்தப் பாத்திரத்துக்கு என்று பொருத்துவதில் அளவு பற்றிய முதல் பாடம் இருக்கிறது. கூடையில் கலந்து கிடக்கும் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பிரித்து அடுக்குவது, காலுறைகளுக்கு ஜோடி தேடுவது, துணிப்பைக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தே உள்ளிருப்பது சீப்பா தேக்கரண்டியா என்று சொல்வது எல்லாம் இந்த வகை. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். தட்டில் அம்மா எழுப்பும் தாளத்தைக் குழந்தை திருப்பித் தட்டுவதும், தெரிந்த கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அதன் திருத்தத்துக்குக் காத்திருப்பதும் செலவில்லாத விளையாட்டுகள். இரண்டாவதில் குழந்தைகள் காட்டும் கண்டிப்பு எந்த ஆசிரியருக்கும் குறைந்ததல்ல.

ஓர் எச்சரிக்கை. ராஜ்மா, கொண்டைக்கடலை, மணிகளைப் பிரிக்கும் விளையாட்டு நான்கு வயதுக் குழந்தைக்குப் பொருந்தலாம். ஆனால் அதே அறையில் தவழும் தம்பியோ தங்கையோ அவற்றை வாயிலும் மூக்கிலும் திணித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஓடியாடும் விளையாட்டை அடுப்பு எரியாத வேளைக்கு வைத்துக்கொள்வதும், புழுதி கிளம்பாமல் ஈரத்துணியால் தரையைத் துடைப்பதும், புகைமூட்ட நாள்களில் ஊதுவத்தி, கொசுவத்திச் சுருளைத் தவிர்ப்பதும் நல்லது.

வீட்டு வேலையே மழலையரின் கல்வி என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. கிஜுபாய் பதேகா 1920-இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி அளிக்க வந்து, உலகப் போரால் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. தண்ணீர் ஊற்றுவதும் பெருக்குவதும் பொத்தான் போடுவதும் அவரது முறையில் முறையான பாடங்கள். பின்னாளில் அது கட்டணம் மிகுந்த பள்ளிகளின் பெயர்ப்பலகையாகிவிட்டது வேறு கதை.

பொம்மை விஷயத்திலும் அப்படியே. பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் முடிவு அது. பொம்மை இவ்வாறு தேசிய விவாதத்துக்கு வந்தது. அதை வைத்து விளையாடும் குழந்தைக்கு அருகில் யார் இருக்கிறார் என்பது வரவில்லை.

நேரம் யாரிடம்?

மேற்சொன்ன விளையாட்டுகள் எதற்கும் பணம் தேவையில்லை. கூட இருக்க ஒரு பெரியவர் தேவை. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் செல்லும் பெண்ணிடம் இல்லாதது அதுவே. 1969-இல் தில்லி ராஜ்காட் அருகே கட்டுமானத் தளத்தில் செங்கல் குவியல்களுக்கிடையே கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன், ஒரு கூடாரத்தில் தொடங்கிய காப்பகமே 'மொபைல் கிரெஷஸ்' அமைப்பாக வளர்ந்தது. தாய் வேலைக்குப் போகும் வீட்டில் 'குழந்தையை உள்ளேயே வைத்திருங்கள்' என்பதன் பொருள், எட்டு வயது அக்காவிடம் ஒப்படையுங்கள் என்பதுதான்.

அந்தப் பெரியவரை வழங்க வேண்டிய ஏற்பாடு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம், உச்ச நீதிமன்றம் 2001-லும் 2006-லும் பிறப்பித்த உத்தரவுகளுக்குப் பின் விரிவடைந்து ஏறத்தாழ 14 லட்சம் மையங்களை எட்டியது. 2023 மே மாதம் மத்திய அரசு அறிவித்த 'போஷண் பீ, படாயீ பீ' (ஊட்டச்சத்தும் கல்வியும்) திட்டப்படி நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் விளையாட்டு வழிக் கல்வி அங்கு நடக்க வேண்டும். அதற்கான 'ஆதார்ஷிலா' பாடத்திட்டமும் 2024-இல் வந்துவிட்டது. ஆனால் சத்துணவு வழங்கல், எடை பார்த்தல், வீடுவீடாகக் கணக்கெடுப்பு, செல்பேசிச் செயலியில் பதிவு என எல்லாம் ஒரே ஊழியர் தலையில். அவருக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலங்கள் தம் பங்குக்குக் கூடுதலாகத் தருகின்றன. பணிக்கொடை பெற அவர்கள் தகுதியுடையவர்கள் என்று கூறவே 2022-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

சட்டம் கைவிட்ட ஆறு ஆண்டுகள்

பதினான்கு வயது வரை இலவசக் கல்வி என்று அரசியல் சாசனத்தின் 45-ஆவது பிரிவு முதலில் கூறியபோது, கீழ் வயது வரம்பு எதுவும் அதில் இல்லை. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடிப்படை உரிமையாக வாசித்தது. 2002-இல் வந்த 86-ஆவது திருத்தமோ அந்த உரிமையை 6 முதல் 14 வயதுக்குள் அடக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள், நீதிமன்றத்தில் கோர இயலாத நெறிமுறைக் கோட்பாட்டுக்குள் தள்ளப்பட்டனர். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும், மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே கூறுகிறது. 'செய்ய வேண்டும்' என்று கூறவில்லை.

தரமான மழலையர் கல்வி 2030-க்குள் அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை காலக்கெடு விதித்துள்ளது. 11-ஆவது பிரிவில் உள்ள அந்தச் சொல் இன்னும் மாற்றப்படவில்லை.