பித்தப்பையை எடுத்த பிறகும் கல்லா? ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்க வேண்டிய கேள்விகள்!

"பித்தப்பையையே எடுத்தாச்சு. அப்புறம் எங்கேருந்து கல் வந்துச்சு?"

ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் அதே வலி திரும்பினால், வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். 'டாக்டர் சரியா எடுக்கலையோ' என்ற சந்தேகமும் கூடவே வரும். பெரும்பாலும் அந்தக் கல் இருந்த இடமே வேறு.

பை வேறு, குழாய் வேறு

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேமிக்கும் சின்னப் பைதான் பித்தப்பை. அந்தப் பித்தநீர் சிறுகுடலுக்குப் போகும் வழிதான் பித்தக்குழாய். பையில் உருவான கல், நழுவி இந்தக் குழாயில் சிக்கிக்கொள்ளலாம். பித்தப்பைக் கல்லால் தொந்தரவு வருபவர்களில் சுமார் 100-க்கு 10 முதல் 20 பேருக்குக் குழாயிலும் கல் இருக்கலாம். பையை எடுத்தாலும் குழாய் உள்ளேதானே இருக்கும்? அதில் கிடக்கும் கல்லும் அங்கேயே இருக்கும். சிலருக்குப் பல வருடங்கள் கழித்துக் குழாயிலேயே புதிதாகக் கல் உருவாவதும் உண்டு.

ஸ்கேன்ல தெரியாதா?

பைக்குள் இருக்கும் கல்லைக் காட்டுவதில் வயிற்று அல்ட்ராசவுண்ட் கில்லாடி. ஆனால், குழாயின் கீழ்ப்பகுதியைக் குடலில் இருக்கும் காற்று மறைத்துவிடும். அதனால், 'குழாயில் கல் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால், 'கல்லே இல்லை' என்று அர்த்தமில்லை.

எனவே, குழாய் 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருக்கிறதா, எல்.எஃப்.டி ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் எகிறியிருக்கிறதா என்று டாக்டர்கள் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.சி.பி ஸ்கேன் அல்லது எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட். சில நேரம், ஆபரேஷனின்போதே குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு.

எப்படி எடுப்பாங்க?

பரவலாகச் செய்யப்படுவது ஈ.ஆர்.சி.பி. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை சிறுகுடல் வரை கொண்டுபோய், குழாயின் வாயை லேசாக வெட்டி, பலூன் அல்லது கூடை போன்ற கருவியால் கல்லை வெளியே இழுப்பார்கள். வயிற்றில் தையலே இருக்காது. ஆனால், சிலருக்கு இதற்குப் பிறகு கணைய அழற்சி வரலாம். அதனால்தான், 'எதற்கும் பார்த்துடலாம்' என்று எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை. வசதியுள்ள மருத்துவமனைகளில், பித்தப்பையை எடுக்கும்போதே லேப்ராஸ்கோப்பி மூலம் குழாய்க் கல்லையும் எடுத்துவிடுவார்கள்.

"குழாய்க் கல்தான் போயிடுச்சே, ஆபரேஷன் எதுக்கு?" என்று தள்ளிப்போடாதீர்கள். பையில் மிச்சமிருக்கும் கல் மறுபடியும் நழுவலாம்.

ஸ்டென்ட்டை மறந்துடாதீங்க!

சிலருக்குக் குழாயில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். பொதுவாக மூன்று மாதங்களுக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். வலி இல்லை என்பதால் பலர் அதை மறந்தே போய்விடுகிறார்கள். அது அடைத்துக்கொண்டால் காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று மறுபடியும் பிரச்னை ஆரம்பிக்கும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே தேதியைக் கேட்டு, மொபைலில் ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.

காமாலைன்னா கீழாநெல்லி?

கண் மஞ்சளானதும் கீழாநெல்லியைத் தேடி ஓடுவது நம் ஊர் வழக்கம். ஆனால், கல் அடைத்து வரும் காமாலைக்கு அடைப்பை நீக்குவதே தீர்வு. கண் மஞ்சள், நடுக்கத்துடன் காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி... இந்த மூன்றும் சேர்ந்தால், குழாயில் கிருமித்தொற்று இருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகவும் மலம் வெளுத்தும் போனால் அதுவும் அடைப்பின் அறிகுறியே.

உங்கள் வீட்டில் யாருக்காவது பித்தப்பை ஆபரேஷன் என்றால், டாக்டரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள். "குழாயில் கல் இருக்க வாய்ப்பிருக்கா? எல்.எஃப்.டி நார்மலா?" பிறகு வரும் பெரிய அலைச்சலை இந்தக் கேள்விகள் மிச்சப்படுத்தலாம்.